டொமைன் கன்ட்ரோலரின் சிஸ்டம் ஸ்டேட்: காப்புப்பிரதி எடுப்பதும் மீட்டெடுப்பதும்

விண்டோஸ் சர்வரில் காப்புப்பிரதி என்றால் பெரும்பாலான அலுவலகங்களில் கோப்புகளும் தரவுத்தளங்களும்தான் கணக்கில் வருகின்றன. அந்தக் கோப்புகளை யார் திறக்கலாம், எந்தக் கணினி எந்த டொமைனை (ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள கணினிகள், பயனர்களின் தொகுப்பை) சேர்ந்தது, எந்தச் சேவை எந்தக் கணக்கின் பெயரில் இயங்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் தீர்மானிக்கும் பகுதி வேறொன்று. அதற்கு சிஸ்டம் ஸ்டேட் என்று பெயர். இதன் பிரதியை எடுக்க ஒரே வரிக் கட்டளை போதும். மீட்டெடுப்பது அவ்வளவு எளிதன்று. அதற்கு முன்கூட்டியே சில ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும். எடுத்து வைத்த பிரதிக்கும் காலாவதி உண்டு. ஆகவே இந்த வழிகாட்டி எடுக்கும் முறையோடு நின்றுவிடாமல் மீட்கும் முறைக்கும் பாதி இடத்தை ஒதுக்குகிறது. விண்டோஸ் சர்வர் 2016, 2019, 2022 ஆகிய பதிப்புகளுக்கு இதிலுள்ள படிகள் பொருந்தும்.

கட்டளைகள் இங்கே தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். இடைவெளி, சிறுகோடு, முக்காற்புள்ளி, சாய்கோடு ஆகியவற்றை இங்குள்ளபடியே இட வேண்டும்.

எதெல்லாம் இதில் அடங்கும்

எல்லாச் சர்வர்களிலும் விண்டோஸின் அமைப்பு மதிப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி, பூட் கோப்புகள், காம் பிளஸ் வகுப்புப் பதிவுத் தரவுத்தளம், விண்டோஸின் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகள் ஆகியவை சிஸ்டம் ஸ்டேட்டில் சேரும். அதற்கு மேல், சர்வர் எந்தப் பணியைச் செய்கிறதோ அதற்கேற்ப உள்ளடக்கம் கூடும். டொமைன் கன்ட்ரோலராக, அதாவது டொமைன் கணக்குகளைச் சரிபார்த்து உள்ளே விடும் சர்வராக, இருந்தால் அந்தக் கணக்குகளைப் பதிந்து வைக்கும் ஆக்டிவ் டைரக்டரியின் தரவுத்தளமான என்டிடிஎஸ்.டிஐடி கோப்பும், டொமைன் கணினிகளுக்கான அமைப்பு விதிகளான குரூப் பாலிசிகள் இருக்கும் சிஸ்வால் கோப்புறையும் சேரும். சான்றிதழ் வழங்கும் சர்வரானால் அதன் தரவுத்தளமும், வலைத்தளச் சேவையான ஐஐஎஸ் இயங்கினால் அதன் அமைப்புக் கோப்புகளும், பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் கிளஸ்டரில் இருந்தால் கிளஸ்டர் சேவையின் தகவல்களும் சேரும்.

இவை ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், மீட்டெடுக்கும்போது ரெஜிஸ்ட்ரி மட்டும் போதும், மற்றவை வேண்டாம் என்று பிரித்தெடுக்க முடியாது. அத்தனையும் சேர்ந்தே திரும்பி வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே, டொமைன் கன்ட்ரோலர் அல்லாத சாதாரண மெம்பர் சர்வர்களுக்கு சிஸ்டம் ஸ்டேட்டை மட்டும் எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே முழு வட்டுப் பிரதியே பயன் தரும். சிஸ்டம் ஸ்டேட்டுக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் டொமைன் கன்ட்ரோலர்தான்.

அளவைப் பற்றிப் பலரும் வியப்படைவதுண்டு. விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் என்டிபேக்கப் கருவி எடுத்த பிரதி சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். 2008 பதிப்பில் அந்தக் கருவி நீக்கப்பட்டு விண்டோஸ் சர்வர் பேக்கப் வந்தபோது, வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறை உள்ளிட்ட சிஸ்டம் கோப்புகள் அனைத்தும் பிரதியில் சேர்ந்தன. எனவே, பத்து ஜிபியைத் தாண்டுவது இப்போது இயல்பு. ஆக்டிவ் டைரக்டரியில் நூறு பயனர்களே இருந்தாலும் அளவு பெரிதாக இருக்கிறதே என்று திகைக்க வேண்டியதில்லை.

தொடங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

விண்டோஸ் சர்வர் பேக்கப் வசதி இயல்பாக நிறுவப்பட்டிருக்காது. சர்வர் மேனேஜரில் ஆட் ரோல்ஸ் அண்டு ஃபீச்சர்ஸ் வழியாக அதைச் சேர்க்கலாம். அல்லது நிர்வாகி உரிமையுடன் திறந்த பவர்ஷெல்லில் இப்படித் தட்டலாம்:

இன்ஸ்டால்-விண்டோஸ்ஃபீச்சர் விண்டோஸ்-சர்வர்-பேக்கப்

இதற்கு மறுதொடக்கம் தேவைப்படாது. பிரதி எடுப்பவர் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவிலோ பேக்கப் ஆபரேட்டர்ஸ் குழுவிலோ இருக்க வேண்டும். டொமைன் கன்ட்ரோலரில் பேக்கப் ஆபரேட்டர் என்பது சிறிய பொறுப்பன்று. தரவுத்தளத்தை முழுமையாகப் படிக்க முடிந்தவரை டொமைன் நிர்வாகிக்குச் சமமாகவே கருத வேண்டும். எனவே, அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை இந்தச் சந்தர்ப்பத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, பிரதியை வைக்கத் தனி வட்டு வேண்டும். விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள சி டிரைவிலேயே வைக்க முயன்றால் கருவி மறுத்துவிடும். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து இந்தத் தடையை நீக்க வழி இருக்கிறது என்றாலும், வட்டு பழுதானால் சர்வரும் பிரதியும் ஒன்றாகப் போய்விடும் என்பதால் அந்த வழியை மறந்துவிடலாம். இங்கே ஈ டிரைவ் என்ற தனி வட்டு இருப்பதாக எடுத்துக்கொள்வோம்.

மூன்றாவதாக டிஎஸ்ஆர்எம் கடவுச்சொல். ஆக்டிவ் டைரக்டரியை மீட்டெடுக்க வேண்டுமானால் சர்வரை டைரக்டரி சர்வீசஸ் ரெஸ்டோர் மோட் (டிஎஸ்ஆர்எம்) என்ற தனி நிலையில் தொடங்க வேண்டும். அந்த நிலையில் டொமைன் கணக்குகள் எதுவும் வேலை செய்யாது. அந்தச் சர்வரை டொமைன் கன்ட்ரோலராக உயர்த்தியபோது தட்டிய தனிக் கடவுச்சொல்தான் உள்ளே விடும். அது பல ஆண்டுகளுக்கு முன், அநேகமாக வேறொரு நிர்வாகி, அவசரத்தில் தட்டியதாக இருக்கும். சர்வர் நலமாக இயங்கும்போதே இதை மாற்றிக்கொள்ளலாம்:

என்டிடிஎஸ்யூட்டில்
செட் டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்ட்
ரீசெட் பாஸ்வேர்ட் ஆன் சர்வர் நல்

மூன்றாவது வரியின் ஈற்றிலுள்ள நல் என்பது நாம் அமர்ந்திருக்கும் இதே சர்வரைக் குறிக்கும். புதிய கடவுச்சொல்லை இருமுறை தட்டியபின் க்விட் என்று இருமுறை தட்டி வெளியேறலாம். புதிய கடவுச்சொல்லை டொமைனைச் சாராத ஓர் இடத்தில், தேவையானால் உறையிலிட்டு இரும்புப் பெட்டியில், வைக்க வேண்டும். டொமைன் கணக்கைக் கொண்டு மட்டுமே திறக்கக்கூடிய கடவுச்சொல் பெட்டகத்தில் அதை வைத்தால், டொமைனே படுத்துவிட்ட நாளில் பெட்டகத்தையும் திறக்க முடியாது.

கடைசியாக, விஎஸ்எஸ் ரைட்டர்களின் நிலை. இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை முரணின்றிப் பிரதி எடுக்க, வால்யூம் ஷேடோ காப்பி சேவை (விஎஸ்எஸ்) ஒவ்வொரு பகுதிக்கும் உரிய ரைட்டர் என்ற கூறிடம் பேசுகிறது. அவை நலமாக உள்ளனவா என்று பார்க்க:

விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்

பட்டியலில் சிஸ்டம் ரைட்டர், ரெஜிஸ்ட்ரி ரைட்டர், காம் பிளஸ் ரெஜ்டிபி ரைட்டர், என்டிடிஎஸ், டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் சர்வீஸ் ரைட்டர் ஆகியவை இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் நிலையும் ஸ்டேபிள் என்றும், கடைசிப் பிழை நோ எரர் என்றும் காட்ட வேண்டும். டொமைன் கன்ட்ரோலரில் என்டிடிஎஸ் ரைட்டர் பட்டியலில் இல்லையென்றால், அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போவதில் பொருளில்லை.

பிரதி எடுத்தல்

நிர்வாகி உரிமையுடன் திறந்த கமாண்ட் பிராம்ப்டில்:

டபிள்யூபிஅட்மின் ஸ்டார்ட் சிஸ்டம்ஸ்டேட்பேக்கப் -பேக்கப்டார்கெட்:ஈ:

உறுதி கேட்கும், ஒய் என்று தட்ட வேண்டும். முதலில் ஷேடோ காப்பி, அதாவது அந்தக் கணத்தில் வட்டு இருந்த நிலையின் உறைந்த பதிவு, உருவாகும். பிறகு சிஸ்டம் ஸ்டேட்டுக்கு உரிய கோப்புகளைத் தேடி எண்ணும் வேலை தொடங்கும். கண்டுபிடித்த கோப்புகளின் எண்ணிக்கை மட்டும் திரையில் ஏறிக்கொண்டேபோக, சில நிமிடங்கள் வேறு எதுவும் நடக்காததுபோல் தோன்றும். இது தொங்கிவிட்டது என்று நினைத்துச் சாளரத்தை மூடிவிடக் கூடாது. எண்ணி முடித்ததும், எந்த ரைட்டரின் கோப்புகள் இப்போது பிரதியாகின்றன என்பதை விழுக்காட்டோடு காட்டும்.

முடிந்த பின் ஈ டிரைவில் விண்டோஸ்இமேஜ்பேக்கப் என்ற கோப்புறையும், அதனுள் சர்வரின் பெயரில் ஒரு கோப்புறையும் இருக்கும். இவற்றின் பெயரை மாற்றவோ உள்ளிருக்கும் கோப்புகளை இடம் மாற்றவோ கூடாது. பெயர் மாறினால் மீட்டெடுக்கும் கருவிக்குப் பிரதி கண்ணில் படாது. வரைகலைத் திரையை விரும்புவோர் விண்டோஸ் சர்வர் பேக்கப்பில் பேக்கப் ஒன்ஸ் என்பதைத் தேர்ந்து, கஸ்டம் வழியாக சிஸ்டம் ஸ்டேட்டைச் சேர்த்து இதே வேலையைச் செய்யலாம். சர்வர் கோர் நிறுவல்களில் அந்தத் திரை இல்லாததால் கட்டளையைப் பழகி வைப்பதே நலம்.

எடுத்த பிரதிகளைப் பார்க்க:

டபிள்யூபிஅட்மின் கெட் வெர்ஷன்ஸ்

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பேக்கப் டைம் என்ற வரி உள்ளூர் நேரத்தைக் காட்டும். அதன் கீழே வெர்ஷன் ஐடென்டிஃபையர் என்று வருவது கிரீன்விச் நேரத்தில், மாதம்/நாள்/ஆண்டு-மணி:நிமிடம் என்ற வடிவில் இருக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள சர்வரில் 2024 மார்ச் 15 அதிகாலை 2 மணிக்கு எடுத்த பிரதியின் அடையாளம் 03/14/2024-20:30 என்று, ஐந்தரை மணி நேரம் பின்தங்கி, முந்தைய நாளின் தேதியோடு நிற்கும். மீட்டெடுக்கும்போது தர வேண்டியது இந்த அடையாளத்தைத்தான். 15ஆம் தேதிப் பிரதியைக் காணவில்லையே என்ற பதற்றம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

வலையமைப்பில் வைப்பதானால்

பகிர்வுக் கோப்புறைக்கு அனுப்பக் கட்டளையின் வடிவம் சற்றே மாறும்:

டபிள்யூபிஅட்மின் ஸ்டார்ட் பேக்கப் -சிஸ்டம்ஸ்டேட் -பேக்கப்டார்கெட்:\\காப்பகம்\டிசி1 -கொயட்

இங்கே காப்பகம், டிசி1 என்பவை எடுத்துக்காட்டுப் பெயர்கள். தனி வட்டில் எடுக்கும்போது பழைய பிரதிகள் ஷேடோ காப்பிகளாகத் தங்கும். பகிர்வுக் கோப்புறையில் அப்படித் தங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிய பிரதி பழையதன் மேல் எழுதப்படும். மேலெழுதும் நடுவில் மின்சாரம் போனால் புதியதும் இல்லை, பழையதும் இல்லை. எனவே, கிழமைக்கு ஒன்றாக ஏழு துணைக் கோப்புறைகளை உருவாக்கி, அன்றைய கிழமையின் கோப்புறையைத் தேர்ந்து அனுப்பும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும். வாரம் முழுவதற்குமான பிரதிகள் அப்படித்தான் கையில் இருக்கும்.

நாள்தோறும் தானாக எடுக்க

டபிள்யூபிஅட்மின் எனேபிள் பேக்கப் -ஆட்டார்கெட்:ஈ: -ஷெட்யூல்:02:00 -சிஸ்டம்ஸ்டேட் -ஆல்கிரிட்டிக்கல் -கொயட்

ஆல்கிரிட்டிக்கல் என்பதை நான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். சிஸ்டம் ஸ்டேட்டை மட்டும் வைத்துக்கொண்டு, எதுவுமே இல்லாத வெற்று வன்பொருளில் சர்வரை எழுப்ப முடியாது. விண்டோஸ் ஏற்கெனவே இயங்கும் நிலையில் இருந்தால்தான் அதை மீட்டெடுக்க முடியும். ஆல்கிரிட்டிக்கல் சேர்த்தால் விண்டோஸ் இயங்கத் தேவையான வட்டுப் பகுதிகள் அனைத்தும் சேர்ந்து, நிறுவல் டிவிடியிலிருந்து தொடங்கி முழுச் சர்வரையும் மீட்டெடுக்கும் வசதி கிடைக்கும். கூடுதலாகச் செலவாகும் இடம் அதற்கு ஈடானதே. இலக்காக ஈ டிரைவின் எழுத்துக்குப் பதிலாக முழு வட்டின் அடையாளத்தைக் கொடுத்தால், கருவி அந்த வட்டை ஃபார்மட் செய்து, டிரைவ் எழுத்தையும் நீக்கித் தனக்கென எடுத்துக்கொள்ளும். வட்டில் வேறு தரவு இருக்கிறதா என்பதை அதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டவணை போட்டுவிட்டதால் வேலை நடக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்டு சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பேக்கப், ஆபரேஷனல் என்ற வரிசையில் சென்றால், வெற்றி பெற்றதற்கு 4 என்ற நிகழ்வு எண்ணும் தோல்வியுற்றதற்கு 5 என்ற எண்ணும் இருக்கும். நிகழ்வு 5 பதிவானதும் மின்னஞ்சல் அனுப்புமாறு ஒரு பணியை அமைக்கலாம். அதைவிட, 24 மணி நேரத்துக்குள் நிகழ்வு 4 வரவில்லையென்றால் எச்சரிக்குமாறு கண்காணிப்புக் கருவியை அமைப்பது மேல். ஏனெனில் தொடங்கவே இல்லாத பிரதி எந்த நிகழ்வையும் பதிவதில்லை.

ஆக்டிவ் டைரக்டரியே தன் பங்குக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ரெப்அட்மின் /ஷோபேக்கப் என்று தட்டினால், அதன் தரவுத்தளத்தின் ஒவ்வொரு பிரிவும் கடைசியாக எப்போது காப்பெடுக்கப்பட்டது என்பதைக் காட்டும். பிரதி எடுத்தும் இந்தத் தேதி மாறவில்லையானால், எடுத்தது முறையான சிஸ்டம் ஸ்டேட் பிரதியே அன்று. மெய்நிகர் எந்திரங்களை வெளியிலிருந்து பிரதி எடுக்கும் சில மென்பொருள்கள் தவறாக அமைக்கப்பட்டிருந்தால் இங்கேதான் குட்டு வெளிப்படும்.

சிஸ்டம் ரைட்டர் மக்கர் செய்தால்

பிரதி தோல்வியடைவதற்குப் பல காரணங்கள் உண்டு; மூன்றைத்தான் அடிக்கடி காண நேர்கிறது.

முதலாவது, விஎஸ்எஸ் பட்டியலில் சிஸ்டம் ரைட்டர் காணாமற்போவது. இந்த ரைட்டர் கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ் என்ற சேவைக்குள் வாழ்கிறது. அந்தச் சேவையை நிறுத்தித் தொடங்கினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். இரண்டாவது, சிஸ்டம் ரிசர்வ்ட் என்ற சிறு வட்டுப் பகுதியில் இடம் போதாமை. ஷேடோ காப்பி உருவாக, 500 எம்பிக்குக் குறைவான வட்டுப் பகுதியில் குறைந்தது 50 எம்பியும் அதற்கு மேற்பட்டதில் 320 எம்பியும் காலியாக இருக்க வேண்டும். சி டிரைவில் நூறு ஜிபி காலியாக இருக்க, இடமில்லை என்று கருவி சொல்வதன் காரணம் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வட்டுப் பகுதிதான்.

மூன்றாவது, கொஞ்சம் துப்பறிய வேண்டியது. கோப்புகளைத் தேடும் கட்டத்திலேயே, கோப்பின் பெயரோ பாதையோ தவறான வடிவில் உள்ளது என்ற செய்தியோடு வேலை நின்றுவிடும். எந்தக் கோப்பு என்று செய்தி சொல்லாது. ஏதாவதொரு டிரைவரோ சேவையோ தன் இமேஜ்பாத் மதிப்பை (தன் நிரல் கோப்பு இருக்கும் பாதையை) ரெஜிஸ்ட்ரியில் பிசகாக எழுதி வைத்திருப்பதுதான் வழக்கமான காரணம். நான் பார்த்த ஒரு சர்வரில், மெய்நிகர் எந்திர மென்பொருள் ஒன்றின் டிரைவருக்கு சி:\விண்டோஸ் என்ற முழுப் பாதைக்குப் பின் இரட்டைச் சாய்கோடும், அதன் பின் சிஸ்டம்ரூட் என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு வந்தன. அதாவது ஒரே பாதைக்கு இரண்டு தொடக்கங்கள். கண்டுபிடிக்கும் வழி இது:

டிஸ்க்ஷேடோ /எல் சி:\ரைட்டர்ஸ்.டிஎக்ஸ்டி
லிஸ்ட் ரைட்டர்ஸ் டீட்டெய்ல்ட்

சிஸ்டம் ரைட்டர் சேகரிக்க நினைக்கும் பாதைகள் அனைத்தும் அந்தக் கோப்பில் எழுதப்படும். நோட்பேடில் திறந்து இரட்டைச் சாய்கோடு, மேற்கோள் குறி, பொருந்தாத இடைவெளி ஆகியவற்றைத் தேடினால் குற்றவாளி அகப்படும். ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் கிளையின் கீழ் அந்த டிரைவரின் இமேஜ்பாத் மதிப்பை முதலில் ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு, சிஸ்டம்32\டிரைவர்ஸ் என்று தொடங்கும் சரியான வடிவுக்கு மாற்றினால் பிரதி மீண்டும் ஓடும்.

பிரதியின் வயது

ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு கணக்கை நீக்கினால் அது உடனே மறைவதில்லை; நீக்கப்பட்டது என்ற அடையாளத்துடன் சில காலம் தங்கி, அந்தச் செய்தி எல்லா டொமைன் கன்ட்ரோலர்களுக்கும் பரவிய பிறகே அழிகிறது. இந்தக் காலத்துக்கு டூம்ப்ஸ்டோன் லைஃப்டைம் என்று பெயர். விண்டோஸ் சர்வர் 2003 சர்வீஸ் பேக் 1 முதலான பதிப்புகளில் உருவான ஃபாரஸ்ட்டுகளில் (ஒன்றோ பலவோ டொமைன்கள் கொண்ட தொகுப்புகளில்) இது பொதுவாக 180 நாள். அதற்கு முந்தியவற்றில் 60 நாள். சர்வர்களை 2022 பதிப்புக்கு உயர்த்தினாலும் இந்த எண் தானாக மாறாது. ஏடிஎஸ்ஐ எடிட் கருவியில் கான்ஃபிகரேஷன் பகுதியின் கீழ் உள்ள டைரக்டரி சர்வீஸ் பொருளின் பண்புகளில் இதைப் பார்க்கலாம். மதிப்பே இல்லை என்று காட்டினால் 60 நாள் என்று பொருள்.

இந்தக் காலத்தைக் கடந்த பிரதியைக் கொண்டு டொமைன் கன்ட்ரோலரை மீட்டெடுக்கக் கூடாது. எப்போதோ நீக்கிய கணக்குகள் அதில் உயிருடன் இருக்கும். இதில் பாதிக் காலம் கடந்தும் காப்பு எடுக்கப்படாவிட்டால், டைரக்டரி சர்வீஸ் பதிவில் 2089 என்ற எச்சரிக்கை எழும். அது தெரியத் தொடங்கிவிட்டால் அலுவலகத்தில் யாருமே காப்பைக் கவனிப்பதில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

நடைமுறையில் 180 நாள் என்பது உச்ச வரம்புதானே தவிர இலக்கு அன்று. டொமைனில் உள்ள கணினிகள் தத்தம் கணக்கின் கடவுச்சொல்லை இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கின்றன. எல்லா டொமைன் கன்ட்ரோலர்களும் போய்விட்டு, மூன்று மாதப் பழைய பிரதியிலிருந்து டொமைனை எழுப்ப நேர்ந்தால், கணினிகளில் பெரும்பாலானவை டொமைனோடு நம்பிக்கை உறவை இழந்து நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்க்க வேண்டிவரும். எனவே, நாளொரு பிரதி என்பதே பொருத்தமான அளவு.

மீட்டெடுத்தல்

மீட்டெடுப்பதற்கு முன், மீட்டெடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மற்ற டொமைன் கன்ட்ரோலர்கள் நலமாக இருந்து ஒன்று மட்டும் பழுதானால், பழுதானதன் சுவடுகளை ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து நீக்கிவிட்டுப் புதிய சர்வரை உயர்த்துவதே பெரும்பாலும் விரைவான, தூய்மையான வழி. ஒரு பயனர் கணக்கு தவறி நீக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதல் உள்ள ஆக்டிவ் டைரக்டரி ரீசைக்கிள் பின் ஏற்கெனவே இயக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், அதிலிருந்தே எடுத்துவிடலாம். இயக்காதிருந்தால் இன்றே இயக்கலாம். ஆனால் நேற்று நீக்கியதற்கு அது உதவாது, ஒருமுறை இயக்கிய பின் அணைக்கவும் முடியாது.

சிஸ்டம் ஸ்டேட்தான் வேண்டும் என்று முடிவானால், முதலில் டிஎஸ்ஆர்எம் நிலைக்குச் செல்ல வேண்டும்:

பிசிடிஎடிட் /செட் சேஃப்பூட் டிஎஸ்ரிப்பேர்
ஷட்டவுன் /ஆர் /டி 0

சர்வர் திரும்பி வந்ததும், ஒரு புள்ளி, பின்சாய்கோடு, அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பயனர் பெயரிலும் டிஎஸ்ஆர்எம் கடவுச்சொல்லிலும் நுழைய வேண்டும். பிறகு கெட் வெர்ஷன்ஸ் கட்டளையால் அடையாளத்தைக் கண்டறிந்து:

டபிள்யூபிஅட்மின் ஸ்டார்ட் சிஸ்டம்ஸ்டேட்ரெக்கவரி -வெர்ஷன்:03/14/2024-20:30 -பேக்கப்டார்கெட்:ஈ:

தொடங்கிவிட்ட மீட்டெடுப்பை நடுவில் நிறுத்தக் கூடாது; பாதி பழையதும் பாதி புதியதுமாக உள்ள சர்வர் தொடங்காமலே போகலாம். யுபிஎஸ் உண்டா, அதன் பேட்டரி தாங்குமா என்பதை முன்பே பார்த்துக்கொள்வது இங்கே சம்பிரதாயப் பேச்சன்று. டொமைனிலேயே எஞ்சிய ஒரே டொமைன் கன்ட்ரோலரை மீட்டெடுக்கும்போது, சிஸ்வாலின் இந்தப் பிரதியே முதன்மையானது என்று அறிவிக்க -ஆத்சிஸ்வால் என்பதையும் சேர்க்க வேண்டும். மற்ற டொமைன் கன்ட்ரோலர்கள் இயங்கும்போது அதைச் சேர்த்தால், அவற்றிலுள்ள புதிய குரூப் பாலிசிகளைப் பழையவை மூடிவிடும்.

சாதாரண மீட்டெடுப்பானால் இதோடு வேலை ஏறத்தாழ முடிந்தது. மறுதொடக்கத்துக்குப் பின் பிசிடிஎடிட் /டெலீட்வேல்யூ சேஃப்பூட் என்று தட்டி மீண்டும் தொடங்கினால், சர்வர் இயல்பு நிலைக்கு வந்து, பிரதி எடுத்த நாளுக்குப் பின் நடந்த மாற்றங்களை மற்ற டொமைன் கன்ட்ரோலர்களிடமிருந்து பெற்றுக்கொள்ளும். ஆனால், நீக்கப்பட்ட ஓர் அமைப்பு அலகை (கணக்குகளைத் தொகுத்து வைக்கும் கிளையை) திரும்பக் கொண்டுவருவதற்காகவே மீட்டெடுத்திருந்தால் இந்தப் பெற்றுக்கொள்ளுதல்தான் பகை: நீக்கிய செய்தியும் கூடவே வந்து, மீட்டதை மறுபடி அழித்துவிடும். ஆகவே, இயல்பு நிலைக்குத் திரும்பும் முன், டிஎஸ்ஆர்எம் நிலையிலேயே இதைச் செய்ய வேண்டும்:

என்டிடிஎஸ்யூட்டில்
ஆக்டிவேட் இன்ஸ்டன்ஸ் என்டிடிஎஸ்
ஆத்தரிட்டேட்டிவ் ரெஸ்டோர்
ரெஸ்டோர் சப்ட்ரீ "ஓயூ=கணக்கு,டிசி=அலுவலகம்,டிசி=லோக்கல்"

இது அந்தக் கிளையிலுள்ள ஒவ்வொரு பொருளின் பதிப்பெண்ணையும், பிரதியின் வயதில் நாளொன்றுக்கு 1,00,000 வீதம் உயர்த்திவிடும். எண் பெரிதாக இருப்பதால் மற்ற டொமைன் கன்ட்ரோலர்கள் இதையே புதியது என்று ஏற்கும். மீட்டெடுப்புக்கும் இந்தப் படிக்கும் நடுவிலான மறுதொடக்கத்தில் சர்வர் தவறி இயல்பு நிலைக்குப் போய்விட்டால் உழைப்பு வீண் என்பதால், இந்தப் படி முடியும்வரை வலைக் கம்பியைக் கழற்றியோ மெய்நிகர் வலை அட்டையைத் துண்டித்தோ வைப்பதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

மெய்நிகர் எந்திரத்தின் ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்து நிலையின் உறைந்த பதிவு) இருக்கும்போது இத்தனை சுற்று எதற்கு என்ற கேள்வி எழலாம். முறையான மீட்டெடுப்பின்போது டொமைன் கன்ட்ரோலர் தன் தரவுத்தளத்துக்குப் புதிய அடையாள எண்ணைச் சூட்டிக்கொள்கிறது. நான் பின்னோக்கி வந்திருக்கிறேன் என்று மற்றவற்றுக்கு அறிவிப்பது அதன் மூலம்தான். பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் இந்த அறிவிப்பு நடப்பதில்லை; மற்ற டொமைன் கன்ட்ரோலர்கள் இதன் புதிய மாற்றங்களை ஏற்கெனவே பெற்றவை என்று கருதி ஒதுக்கிவிடும். விண்டோஸ் சர்வர் 2012 முதல், விஎம் ஜெனரேஷன் ஐடி என்ற ஏற்பாட்டை ஆதரிக்கும் ஹைப்பர்வைசர்களில் (மெய்நிகர் எந்திரங்களை இயக்கும் மென்பொருள்களில்) இந்த ஆபத்து தவிர்க்கப்பட்டுள்ளது. அப்போதும் ஸ்னாப்ஷாட் அதே சேமிப்பகத்தில்தான் கிடக்கிறது.

பிரதியை எங்கே வைப்பது

பல டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று ஒத்திசைந்து இயங்குவதால் தனியாகக் காப்பு தேவையில்லை என்று எண்ணுவோருக்கு, 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா தீநிரலால் தாக்கப்பட்ட மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கதையைச் சொல்ல வேண்டும். உலகெங்கும் பரவியிருந்த ஏறத்தாழ 150 டொமைன் கன்ட்ரோலர்கள் ஒரே வீச்சில் அழிந்தன. ஒன்றுக்கொன்று துணை நிற்கும் என்று நம்பப்பட்டவை ஒன்றாகவே வீழ்ந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும், தாக்குதலுக்கு முன் அங்கே மின்சாரம் தடைப்பட்டு வலைத் தொடர்பு அறுந்திருந்ததால் தப்பியது. அதன் தரவை வலை வழியே அனுப்ப நேரமாகும் என்பதால், வன்வட்டையே கையில் எடுத்து, நைஜீரியாவில் ஆள் மாற்றி, இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

மின்தடையை நம்பியிராமல் அதே விளைவைப் பெற, டொமைனுக்கு இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களின் பிரதியையாவது எடுத்து, அவற்றில் ஒரு நகலை வலையோடு தொடர்பில்லாத வட்டில் வாரந்தோறும் மாற்றி வைக்க வேண்டும். பகிர்வுக் கோப்புறையில் வைக்கும் நகலுக்கு எழுதும் உரிமை டொமைன் நிர்வாகிகளுக்கு இருக்கக் கூடாது. டொமைனில் சேராத ஒரு சேமிப்புப் பெட்டியின் தனிக் கணக்கே போதும். பழைய பிரதிகளைக் கழிக்க நாம் பயன்படுத்தும்

டபிள்யூபிஅட்மின் டெலீட் சிஸ்டம்ஸ்டேட்பேக்கப் -கீப்வெர்ஷன்ஸ்:7

என்ற கட்டளையையே, எண்ணைப் பூச்சியமாக்கி, பணம் பறிக்கும் தீநிரல்கள் முதல் வேலையாக ஓட்டுகின்றன. நாம் திட்டமிடாத நேரத்தில் இந்தக் கட்டளை எந்தச் சர்வரில் ஓடினாலும் உடனே எச்சரிக்கை எழுப்புமாறு கண்காணிப்பை அமைக்கலாம்.

பிரதியின் உள்ளே அத்தனை பயனர்களின் கடவுச்சொல் ஹாஷ்களும் (கடவுச்சொல்லிலிருந்து கணித்த குறியீடுகளும்) இருக்கின்றன. ஆகவே, வெளியே எடுத்துச் செல்லும் வட்டு, விண்டோஸின் வட்டு மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்க வேண்டும்; அதன் மீட்புச் சாவியை ஆக்டிவ் டைரக்டரியில் மட்டும் சேமித்து வைப்பது, டிஎஸ்ஆர்எம் கடவுச்சொல்லுக்குச் சொன்ன அதே சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஒத்திகை

ஒத்திகையை வெளி வலையோடும் அலுவலக வலையோடும் எந்தத் தொடர்பும் இல்லாத மெய்நிகர் வலையில்தான் பார்க்க வேண்டும். சிஸ்டம் ஸ்டேட்டை மட்டும் வேறு வன்பொருளில் இறக்குவது ஏற்கப்பட்ட முறையன்று என்பதால், ஆல்கிரிட்டிக்கல் சேர்த்து எடுத்த பிரதியைப் புதிய மெய்நிகர் எந்திரம் ஒன்றில் நிறுவல் டிவிடியின் ரிப்பேர் பகுதி வழியாக மீட்டெடுக்க வேண்டும். எழுந்ததும் டிஎஸ்ஆர்எம் கடவுச்சொல்லால் நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இயல்பு நிலையில் தொடங்கி, சிஸ்வாலும் நெட்லோகானும் பகிரப்பட்டுள்ளனவா என்பதை நெட் ஷேர் கட்டளையாலும், மற்றவற்றை டிசிடயக் கருவியாலும் சோதிக்க வேண்டும். கூட்டாளிகள் யாரும் இல்லாததால் ஒத்திசைவு பற்றிய பிழைகள் வரிசையாக வரும். அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அண்மையில் உருவாக்கிய ஒரு பயனர் கணக்கைத் தேடிப் பார்த்தால் பிரதி எந்த நாளுடையது என்பது உறுதியாகும். தொடங்கியதிலிருந்து உள்ளே நுழைந்ததுவரை எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைக் குறித்து, நடைமுறைக் குறிப்பேட்டின் அச்சுப் பிரதியில் எழுதி வைக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு அந்த மெய்நிகர் எந்திரத்தையும் அதன் வட்டுக் கோப்புகளையும் அன்றே அழித்துவிட வேண்டும்.